பூச்சிக்கு எந்த டிஃபியூசர்? முதலில் அடிமட்டத்தை எடுங்கள்

சின்னதைப் பெரிதாகக் காட்டும் மெக்ரோ லென்ஸ் வாங்கும்வரை எந்த லென்ஸ் நல்லது என்று கேட்பார்கள். வாங்கியதும் கேள்வி மாறிவிடும்: பிளாஷ் போட்டால் வண்டின் முதுகு வெள்ளையாக வெந்துபோகிறது, போடாவிட்டால் படம் ஆடிப்போகிறது, பிளாஷின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃபியூசரில் எதை வாங்கலாம்? மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் இதைக் கேட்பவர்கள் ஏற்கனவே நிறைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்பித்தான் வருகிறார்கள். ஒருவர் லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய பிளாஷ் என்கிறார், இன்னொருவர் சிப்ஸ் டின்னை வெட்டி டிஃபியூசர் செய் என்கிறார், மூன்றாமவர் இரட்டைத் தலை பிளாஷ் இல்லாமல் பூச்சிப் பக்கமே போகாதே என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வெவ்வேறு தூரத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தத் தூரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அந்தத் தூரத்தை அளந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

## எதை வைத்து எடை போடுவது

தூரம். லென்ஸின் முன்விளிம்பிலிருந்து பூச்சி வரை எத்தனை செ.மீ. என்று அடிமட்டம் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் குவிக்கும் தூரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. அது கமெராவுக்குள் இருக்கும் சென்சரிலிருந்து அளந்தது. பெட்டியில் 30 செ.மீ. என்று எழுதியிருக்கும் 100 மி.மீ. மெக்ரோ லென்ஸில், 1:1 உருப்பெருக்கத்தில் (பூச்சி அதன் உண்மை அளவிலேயே சென்சரில் விழும்போது), கண்ணாடிக்கும் பூச்சிக்கும் இடையே மிஞ்சுவது 13, 14 செ.மீ. அளவுதான். 60 மி.மீ. லென்ஸில் அது 10 செ.மீ.க்குக் கிட்ட வந்துவிடும். சாதாரண லென்ஸின் முன்னால் ரேனொக்ஸ் டிசிஆர்-250 மாட்டுபவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். அது 8 டயொப்டர் வலுவுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி. பின்னால் எந்த லென்ஸ் இருந்தாலும், அதை முடிவிலியில் குவித்து வைத்தால் பூச்சி 12 செ.மீ. அளவில் இருக்க வேண்டும்.

இந்த எண் ஏன் முக்கியம்? ஒளி மென்மையாக விழுகிறதா, கடுமையாக விழுகிறதா என்பதைப் பூச்சியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒளிரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. 20 செ.மீ. அகலமான டிஃபியூசர் பூச்சியிலிருந்து 10 செ.மீ.யில் இருந்தால், பூச்சியின் வானத்தில் 90 பாகையை அது அடைத்துக்கொள்ளும். அதே டிஃபியூசர் 40 செ.மீ. தள்ளிப் போனால் 28 பாகைதான். டிஃபியூசரே இல்லாத 7 செ.மீ. பிளாஷ் தலை 25 செ.மீ.யில் இருந்தால் 16 பாகை. நண்பகல் சூரியன் அரைப் பாகை. அதன் நிழல் ஏன் கத்தியால் வெட்டியது போல விழுகிறது என்பது இதிலேயே விளங்கும். ஆகவே “நல்ல டிஃபியூசர்” என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் தூரத்துக்கு நல்லது, நல்லதில்லை என்றுதான் சொல்லலாம்.

பளபளப்பு. பொன்வண்டின் முதுகும் புள்ளி வண்டின் ஓடும் தும்பியின் கண்ணும் குவிந்த கண்ணாடிகள். ஒளிமூலம் என்ன வடிவமோ அந்த வடிவத்தை அவை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். டிஃபியூசர் பெரிதாக இருந்தாலும் அதன் நடுவில் பிளாஷ் தலை ஒரு பிரகாசமான புள்ளியாகத் தெரிந்தால், வண்டின் முதுகிலும் அந்தப் புள்ளி விழும். அளவுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, பரப்பு முழுவதும் ஒளி சமமாகப் படர்கிறதா என்பது.

ஒளிச் செலவு. 1:1 இல் லென்ஸின் துளையை எஃப் 11இல் வைத்தால் சென்சருக்கு வந்து சேர்வது எஃப் 22 அளவு ஒளிதான்; இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) அங்கேயே போய்விடும். டிஃபியூசரின் ஒவ்வொரு படலமும் ஏறக்குறைய இன்னொரு ஸ்டொப்பை விழுங்கும். இழப்பை ஈடுகட்டப் பிளாஷின் வலுவைக் கூட்டினால் மூன்று விளைவுகள்: பற்றரி சீக்கிரம் இறங்கும், அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும், பிளாஷ் எரியும் நேரம் நீளும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சிறு பிளாஷ்கள் முழு வலுவில் ஒரு செக்கனின் சில நூறில் ஒரு பங்கு எரியும். வலுவை 1/32க்கு இறக்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். எறும்பின் ஓட்டத்தை உறைய வைப்பது இந்தச் சுருக்கம்தான்.

நம் ஊர். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பெரிய டிஃபியூசர் பாயாக மாறிவிடும். மாரியில் தாள் எதுவும் தாங்காது. கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று பிளாஷின் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். படுவான்கரைப் பக்கம் குளக்கட்டுகளிலும் பற்றைகளிலும் படமெடுப்பவர்கள், யானை வரும் நேரங்களில் சட்டென்று எழுந்து போகக்கூடிய அளவுக்குத்தான் சுமை வைத்துக்கொள்ள வேண்டும். இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

காசு. விலையை மட்டும் பார்க்காமல் தபால், சுங்கத் தீர்வை, அடப்டர், பற்றரி, பழுதானால் மாற்றுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

| வழி | பொருந்தும் தூரம் | ஒளி இழப்பு | பளபளக்கும் ஓட்டில் | காற்றிலும் பற்றையிலும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| கையால் செய்தது | 8–15 செ.மீ. | 2 ஸ்டொப் வரை | கவனமாகச் செய்தால் மிக நன்று | பாரமில்லை, ஆனால் காற்றில் மடங்கும் | நேரம். மாரிக்குப் பின் மறுபடி செய்வது |
| வாங்கும் மடிப்பு டிஃபியூசர் | 8–15 செ.மீ. | 1–2 ஸ்டொப் | மிக நன்று | உருக்குலையாது | தபால், தீர்வை. லென்ஸ் மாறினால் பொருந்தாமை |
| சிறு சொஃப்ட்பொக்ஸும் (துணிப்பெட்டி டிஃபியூசர்) பிராக்கெட்டும் (பிளாஷைத் தாங்கும் கை) | 20–40 செ.மீ. | 1–2 ஸ்டொப் | நன்று, சற்றுச் சதுரமாகத் தெரியும் | பற்றையில் மாட்டும் | கேபிள் அல்லது ட்ரிகர் (பிளாஷைத் தள்ளி நின்று எரிக்கும் கருவி), கைவலி |
| வளைய பிளாஷ் | 5–15 செ.மீ. | குறைவு | வளையம் தெரியும் | நன்று | வேறெதற்கும் பெரிதாக உதவாது |
| இரட்டைத் தலை | 4–12 செ.மீ. | தனியே டிஃபியூசர் போட்டால் 1–2 ஸ்டொப் | இரண்டு புள்ளிகள் | இடுக்கில் சிறந்தது | விலை. டிஃபியூசர் இதற்கும் வேண்டும் |

## டிஃபியூசருக்கு முன், பிளாஷ் பற்றி ஒரு வார்த்தை

கல்யாண வீட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் புதிய பிளாஷ் வாங்கும்போது பழையதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மெக்ரோவுக்கு அது தாராளமாகப் போதும், ஏனென்றால் நமக்குத் தேவை வலுவை நாமே வைக்கும் மெனுவல் முறை மட்டுமே. ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, ஃபிலிம் காலத்துப் பழைய பிளாஷ்களில் சில, ஹொட் ஷூ (கமெராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடம்) வழியாக நூறு வோல்ட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பும். டிஜிட்டல் கமெராவின் சுற்று அதில் கருகிப்போகலாம். டிஜிட்டல் கமெராக்களுக்கென்று வந்த பிளாஷாகப் பார்த்து எடுங்கள்.

மற்றது கெனான் வைத்திருப்பவர்களுக்கு. 1500டி, 3000டி, 200டி II ஆகிய தொடக்கநிலைக் கமெராக்களில் ஹொட் ஷூவின் நடு முனை இல்லை. கெனானின் மொழி பேசத் தெரியாத மலிவு மெனுவல் பிளாஷ் அவற்றில் எரியவே எரியாது. கடைக்காரர் “எல்லாக் கமெராவுக்கும் போகும்” என்று சொன்னாலும், உங்கள் கமெராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டி ஒரு தடவை எரித்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் கோடொக்ஸ் டிடி350 போன்ற இரண்டு பென்டோர்ச் பற்றரிப் பிளாஷ் கமெராவின் தலையைச் சாய்க்காது. நான்கு பற்றரி போடும் டிடி600 வகை பாரம் கூடியது. பதிலுக்கு வலுவும் வேகமும் கூட. இரண்டிலும் கடையில் கிடைக்கும் சாதாரணப் பற்றரியைப் போட்டு அழாமல், மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் வகையைப் போடுங்கள். அடுத்தடுத்து எரிவதில் வித்தியாசம் கண்முன்னே தெரியும்.

## கையால் செய்த டிஃபியூசர்

எனக்குப் பிடித்த வழி இது, காரணம் மலிவு மட்டுமில்லை. உங்கள் லென்ஸின் நீளத்துக்கும் நீங்கள் அளந்த தூரத்துக்கும் ஏற்ப வெட்டலாம் என்பதுதான் முதல் காரணம். கடையில் வாங்குவது யாரோ ஒருவருடைய லென்ஸை மனதில் வைத்து வெட்டியது.

பொருள்கள் வீட்டிலேயே கிடக்கும். டிவி, ஃபேன் போன்றவற்றைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் முதல் தரம்: ஒளியை நன்றாகப் பரப்பும், நனைந்தாலும் உதறிவிட்டுத் தொடரலாம், கைபட்டுக் கசங்காது. ட்ரேசிங் பேப்பரும் கேக் செய்யும் பேக்கிங் பேப்பரும் ஒளியை அழகாகப் பரப்பும்; மாரிக் காலத்தில் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா உறுதியானது. சில டப்பாக்கள் மஞ்சள் சாயலும் சில நீலச் சாயலும் கொடுக்கும் என்பதால் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சோறு சுற்றும் லஞ்ச் ஷீட் ஒரு மடிப்பில் ஒன்றுமே செய்யாது. ரெஜிபோம் தடிப்பு, ஒளியை உள்ளே விடாது, ஆனால் பூச்சிக்குக் கீழே பிடிக்கும் வெள்ளைப் பலகையாக அதைப்போல ஒன்றில்லை.

அமைப்பில் கவனிக்க வேண்டியது இரண்டு படலங்களும் அவற்றுக்கிடையே உள்ள வெறும் இடமும். முதல் படலம் பிளாஷ் தலையிலிருந்து சில விரல் தள்ளி இருக்கட்டும். தலையோடு ஒட்டிவைத்தால் ஒளி விரிய இடமில்லாமல் நடுவில் குவிந்துவிடும். பிளாஷின் ஸூமை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி, அதற்குள் மடங்கியிருக்கும் அகலத் தகட்டையும் வெளியே இழுத்துவிடுங்கள். இரண்டாவது படலம் லென்ஸின் முன்விளிம்பில் தொடங்கி, முன்னோக்கி வளைந்து, பூச்சிக்கு மேலே ஓலை வீட்டின் தாழ்வாரம் போல இறங்க வேண்டும். இந்த வளைவுதான் பக்கவாட்டு நிழல்களை நிரப்புகிறது. பக்கங்களில் அலுமினியத் தாள் ஒட்டிய மட்டை வைத்தால் வெளியே ஓடிப்போகும் ஒளி உள்ளே திரும்பும். விழுங்கப்பட்ட இரண்டு ஸ்டொப்பில் கொஞ்சமாவது மீளும்.

செய்துமுடித்ததும் பூச்சியைத் தேடி ஓடாதீர்கள். சைக்கிள் சில்லின் அச்சில் இருக்கும் உருக்குக் குண்டு ஒன்றை எடுத்து, உங்கள் வழமையான தூரத்தில் வைத்துப் படமெடுங்கள். குண்டில் தெரியும் வெள்ளைப் பரப்பு பெரிதாகவும் ஒரே சீராகவும் இருந்தால் வேலை முடிந்தது. நடுவில் ஒரு பிரகாசமான சதுரம் தெரிந்தால் முதல் படலத்தை இன்னும் தள்ளுங்கள், அல்லது அதன் நடுவில் மட்டும் இன்னொரு சிறு துண்டு ஃபோம் ஒட்டுங்கள். வெள்ளைப் பரப்பின் ஒரு பக்கம் மங்கினால் பிளாஷ் தலை சரியாகக் குனியவில்லை. வண்டில் என்ன தெரியப்போகிறதோ அதை இந்தக் குண்டு வீட்டு மேசையிலேயே காட்டிவிடும்.

வெயிலில் ஒரு எதிர்பாராத நன்மையும் உண்டு. எஃப் 11, 1/200 செக்கன், ஐஎஸ்ஓ 100 என்பது நண்பகல் வெயிலுக்கு ஏறக்குறைய முழு வெளிச்சம். 1:1 இல் இரண்டு ஸ்டொப் குறைந்தாலும் மிச்ச வெயில் படத்தில் நுழைந்து, பிளாஷ் வரைந்த உருவத்தின் மேல் இன்னொரு கடுமையான நிழலையும் ஆட்டத்தையும் சேர்த்துவிடும். பூச்சியின் தலைக்கு மேலே நீளும் பெரிய டிஃபியூசர் அந்த வெயிலை மறைத்துவிடுகிறது. உன்னிச்சைப் பக்கம் நிழலே இல்லாத வெளிகளில் இது பிளாஷை விடப் பெரிய உதவி.

இனிக் குறைகள். டேப்பின் பசை வெயிலில் உருகி பிளாஷ் தலையில் கறுப்பாகப் பிடிக்கும். வெல்க்ரோவும் இலாஸ்டிக்கும் பாவியுங்கள். முன்னால் பாரம் கூடினால் பிளாஷின் கழுத்து மூட்டுத் தளரும். ஃபோம் மஞ்சளாகும். அகலமான வெள்ளைப் பொருள் ஒன்று தலைக்கு மேலே வருவதைக் கண்டால் பல பூச்சிகள் பறந்துவிடும். மேலிருந்து இறங்காமல் முன்னாலிருந்து தாழ்வாக, மெதுவாகக் கிட்டப்போக வேண்டும். மாமரத்திலோ மரமுந்திரிகையிலோ முசுறுக் கூட்டைப் படமெடுக்கும்போது டிஃபியூசரின் நுனி ஓர் இலையில் பட்டால் போதும், அது அவர்களுக்குப் பாலமாகிவிடும். கமெரா ஸ்ட்ராப் வழியாகக் கழுத்துக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

இது பொருந்துவது: 60 முதல் 105 மி.மீ. வரை மெக்ரோ லென்ஸ் அல்லது ரேனொக்ஸ் வைத்திருப்பவர்கள். வீட்டுத்தோட்டத்திலும் வயல் வரம்பிலும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி எடுப்பவர்கள். வெட்டி ஒட்டுவதில் அலுப்பில்லாதவர்கள்.

## தபாலில் வரும் மடிப்பு டிஃபியூசர்

சிக்னஸ்டெக், ஏகே டிஃபியூசர் போன்றவை பூச்சிப் படக்காரர்கள் நடுவே நல்ல பெயர் எடுத்தவை. சாரத்தில் மேலே சொன்ன அதே அமைப்புத்தான்: வளைந்த வெள்ளைப் பரப்பு, பிளாஷ் தலைக்கும் அதற்கும் இடையே இடைவெளி, பக்கங்களில் ஒளி கசியாத மறைப்பு. வித்தியாசம் வேலைப்பாட்டில். தட்டையாக மடித்துப் பையில் வைக்கலாம், காற்றில் உருக்குலையாது, பரப்பு சீராக இருக்கும், வியர்வைக் கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது.

விலைக்கு மேல் தபாலும் தீர்வையும் ஏறினால், மலிவான பிளாஷ் ஒன்றின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கலாம். அதைவிட முக்கியமானது பொருத்தம். ஓடர் கொடுக்குமுன் உங்கள் லென்ஸ் குவியும்போது வெளியே நீளுகிறதா என்று பாருங்கள். நீளும் லென்ஸில், 1:1க்குப் போகும்போது லென்ஸின் மூக்கு டிஃபியூசரைத் தாண்டி வெளியே வந்துவிடலாம். ஒளி லென்ஸின் முதுகில் விழும், பூச்சி இருட்டில் இருக்கும். உள்ளேயே குவியும் லென்ஸானால் பிரச்சினை இல்லை. நாளை வேறு லென்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இன்று இதை வாங்காதீர்கள்.

இது பொருந்துவது: லென்ஸும் பிளாஷும் முடிவாகிவிட்டவர்கள், கச்சான் காலத்திலும் விடாமல் வெளியே போகிறவர்கள், இக்கினியாகலை, பொத்துவில் என்று பயணத்தில் எடுப்பவர்கள்.

## சிறு சொஃப்ட்பொக்ஸும் பிராக்கெட்டும்

மேலே சொன்ன இரண்டும் கமெராவின் தலையோடு கட்டுண்டவை. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் அவ்வளவு கிட்ட விடமாட்டா. 150 அல்லது 180 மி.மீ. மெக்ரோ வைத்திருப்பவர்களுக்கு 1:1 இலேயே 20 செ.மீ. அளவிலோ அதற்கு மேலோ தூரம் இருக்கும். முழு வண்ணத்துப்பூச்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவர அதைவிடவும் பின்னால் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஹொட் ஷூவில் மாட்டிய டிஃபியூசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிறு விளக்குத்தான். பிளாஷைக் கழற்றி, கை நீட்டிய பிராக்கெட்டில் பூச்சிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அங்கே 20 செ.மீ. சொஃப்ட்பொக்ஸ் தன் வேலையைச் செய்யும்.

ஒளி பக்கவாட்டிலிருந்து வருவதால் சிறகின் செதில்கள் தடவிப் பார்க்கலாம் போலத் தெரியும். முன்னாலிருந்து விழும் ஒளியில் அது கிடைக்காது.

செலவுகள் இங்கே ஒளிந்துதான் இருக்கின்றன. பிளாஷைக் கழற்றினால் கேபிளோ ரேடியோ ட்ரிகரோ வேண்டும். மலிவு பிராக்கெட்டின் பந்து மூட்டு பிளாஷின் பாரத்தில் மெல்ல மெல்லத் தலை குனியும். கையில் எடை கூடுவதால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். பற்றைக்குள் போனால் சொஃப்ட்பொக்ஸின் மூலை முள்ளில் மாட்டி, கிளையை அசைத்து, நீங்கள் குறிவைத்த பூச்சியை எழுப்பிவிடும். வாவிக்கரையில் கண்டல் வேர்களுக்கிடையே இதை வைத்துக்கொண்டு குனிவது வீண் சிரமம்.

இது பொருந்துவது: நீண்ட லென்ஸ், திறந்த வெளி, ஒரே நுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும் தும்பி. அது பறந்தாலும் அதே குச்சிக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிராக்கெட்டை முன்கூட்டியே சரிபண்ணிக் காத்திருக்கலாம்.

## வளைய பிளாஷ்

1952 இல் லெஸ்டர் டைன் இதை உருவாக்கியது பல் மருத்துவப் படங்களுக்காக. வாய்க்குள் நிழல் விழக்கூடாது, எல்லாப் பல்லும் ஒரேயளவு தெரிய வேண்டும். அந்த வேலைக்கு இன்றும் பொருத்தமானது. பூச்சியின் உடலில் மேடு பள்ளத்தைக் காட்டுவது நிழல். அதைத் துடைத்துவிட்டால் பூச்சி தட்டையாகிவிடும். பளபளக்கும் ஓட்டிலும் கண்ணிலும் வெள்ளை வளையம் வேறு விழும்.

கடைகளில் “மெக்ரோ ரிங்” என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல பிளாஷே இல்லை, எல்ஈடி விளக்கு. எஃப் 11இல் அவை போதவே போதாது. பூச்சிக்கென்று இதை வாங்கச் சொல்லமாட்டேன். முத்திரை, நாணயம், மூலிகை இலையின் நரம்பு, தோல் நோய்ப் பதிவு என்று ஆவணப் படம் எடுப்பவர்களிடம் ஏற்கனவே இருந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

## இரட்டைத் தலை பிளாஷ்

நெல்வயலுக்குள் இறங்கினால்தான் இதன் அருமை தெரியும். சம்மாந்துறையிலோ கரடியனாற்றிலோ அறக்கொட்டி விழுந்த வயலில், பூச்சி இருக்கும் இடம் இலை நுனியில்லை. நெல்லின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. கபில நிறத் தத்தி என்று விவசாயத் திணைக்களம் சொல்லும் அந்தப் பூச்சியின் நீளம் மூன்று, நான்கு மி.மீ. 1:1 இல் படத்தில் சிறிதாகத்தான் நிற்கும். இரண்டு மூன்று மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். கெனானின் எம்பி-ஈ 65 மி.மீ. லென்ஸில் 1:1 இல் 10 செ.மீ. ஆக இருக்கும் தூரம், 5:1 இல் 4 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். 20 செ.மீ. டிஃபியூசரை நெற்கதிர்களுக்கிடையே நுழைக்க முடியாது. நுழைத்தால் பூச்சிகள் தண்ணீருக்குள் விழும்.

லென்ஸின் மூக்கின் இரு புறமும் சிறு தலைகள் பொருந்திய இரட்டை பிளாஷ் அந்த இடுக்குக்குள் போகும். கெனானின் எம்டி-26 வகை, நிகோனின் ஆர்1சி1, கோடொக்ஸின் எம்எஃப்12 ஆகியவை இந்தக் குடும்பம். ஒரு பக்கத்தைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைத்து உருவத்துக்குத் திரட்சி கொடுக்கலாம்.

ஆனால் “இரட்டை பிளாஷ் இருந்தால் டிஃபியூசர் வேண்டாம்” என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். தலைகள் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிஃபியூசர் போட வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்து மூடும் ஒரே வளைந்த படலம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பூச்சியின் கண்ணில் இரண்டு வெள்ளை ஊசிமுனைகள். எம்எஃப்12க்குத் தலைகளோடு ட்ரிகரும் தேவை. அதன் பற்றரி உள்ளேயே இருப்பதால் வயல் நடுவில் இறங்கிவிட்டால் மாற்றிப் போட முடியாது. பெயர்பெற்ற கமெரா நிறுவனங்களின் இரட்டை பிளாஷ் விலையில் நல்ல லென்ஸ் ஒன்றே வாங்கலாம். பழுதானால் திருத்துவதற்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

இது பொருந்துவது: 2:1க்கு மேல் எடுப்பவர்கள், பயிர்ப் பீடைகளைப் பதிவுசெய்யும் விவசாய மாணவர்கள், ஆய்வாளர்கள், ஒரே மாதிரியான ஒளியில் நூற்றுக்கணக்கான மாதிரிகளை எடுக்க வேண்டியவர்கள். மற்றவர்களுக்கு அந்தக் காசு லென்ஸுக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும்.

## பிளாஷே இல்லாதவர்களுக்கு

கைத்தொலைபேசியில் மாட்டும் குட்டி லென்ஸோடு எடுப்பவர்கள் மேலே உள்ளதையெல்லாம் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். உங்களுக்கும் விதி அதேதான்: ஒளிரும் பரப்பு பூச்சிக்குக் கிட்டவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். வெயிலுக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு வெள்ளைக் குடையையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ பிடித்தால் அதுவே டிஃபியூசர். தொலைபேசியின் சொந்த பிளாஷை அணைத்துவிடுங்கள். குட்டி லென்ஸின் தூரம் இரண்டு மூன்று செ.மீ. தான் என்பதால் பெரும்பாலும் தொலைபேசியின் உடலே நிழல் போட்டுவிடும். எதிர்ப் பக்கத்தில் ரெஜிபோம் துண்டொன்றை வைத்து ஒளியைத் திருப்புங்கள்.

பறக்கும் பூச்சியை இதில் பிடிக்க முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். எருக்கலைச் செடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்டு நகரும் வண்ணத்துப்பூச்சிப் புழு, தேசி இலையிலும் கறிவேப்பிலையிலும் இருக்கும் பச்சைப் புழு, சுவரில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழு ஆகியவை காத்திருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால் தும்பிகூடச் சிறகு சூடேறாமல் அசையாது இருக்கும். அந்த நேரத்து வானமே ஒரு பெரிய டிஃபியூசர். புழுவின் வெள்ளை வரிகள் எரிந்துபோகாமல் இருக்க, திரையைத் தொட்டுக் குவித்தபின் வெளிச்சத்தைச் சற்றே கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.